காற்றைக் குடிப்பவை

1935-ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் ஜே. ஏ. ராம்சே என்ற விலங்கியலாளர், அமெரிக்கக் கரப்பான்பூச்சியின் உடலிலிருந்து எவ்வளவு நீர் ஆவியாகிறது என்று அளந்துகொண்டிருந்தார். அப்போது அதன் முதுகில் விழுந்த நுண்ணிய நீர்த்துளிகள் அவர் கவனத்தை இழுத்தன. அத்தனை சிறிய துளிகள் ஒரு கண்ணாடித் தகட்டில் கிடந்தால் சில நொடிகளில் காணாமல் போய்விடும். கரப்பானின் முதுகில் கிடந்தவையோ போகாமல் அப்படியே நின்றன. பூச்சியின் தோலில் இருந்த ஒருவகைக் கொழுப்பு துளியின் மேல் ஏறிப் பரவி அதை மூடியிருந்தது. வெப்பம் 30 பாகை செல்சியசை ஒட்டி ஏறியபோது நிலைமை மாறியது. கொழுப்புப் படலம் தன் கட்டுக்கோப்பை இழந்தது. கரப்பானின் உடலிலிருந்து நீர் வெளியேறும் வேகமும் சட்டென்று கூடியது.

நம் கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தை நம்பித்தான் வீட்டுப் பூச்சிகள் அனைத்தும் வாழ்கின்றன. அறைக் காற்று ஓயாமல் அவற்றின் உடல்நீரை உறிஞ்சப் பார்க்கிறது. பசியால் சாவதற்கு முன்பே நீரிழந்து சாகும் பூச்சிகள் ஏராளம். அப்படியானால் வீட்டை நன்றாக உலர வைத்தால் பூச்சித் தொல்லை தீர்ந்துவிடுமா என்ற கேள்வி இயல்பாக எழும். சில பூச்சிகளுக்குத் தீரும். சிலவற்றை அது தொடக்கூடச் செய்யாது. ஒரு பூச்சிக்கு நீர் எந்த வழியில் வருகிறது, எந்த வழியில் போகிறது என்று தெரிந்தால் மட்டுமே வறண்ட காற்று அதை என்ன செய்யும் என்று சொல்ல முடியும். வீட்டுக்குள் திரியும் பூச்சிகளிடையே இந்த வழிகள் வியக்கத்தக்க அளவுக்கு வேறுபடுகின்றன.

முதலில் காற்றின் தாகத்தைப் புரிந்துகொள்வோம். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம். வானொலியில் ‘ஈரப்பதம் 70 சதவீதம்’ என்று சொல்வது இதைத்தான். ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். 20 பாகையில் 50 சதவீதம், 35 பாகையில் 50 சதவீதம் என இரண்டு அறைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் அறைக் காற்று நிறைவடைய இன்னும் 1.17 கிலோபாஸ்கல் ஆவியழுத்தம் தேவை. இரண்டாவதற்கு 2.81. எண் ஒன்றாக இருந்தும் வெப்பமான அறை ஏறத்தாழ இரண்டரை மடங்கு வேகத்தில் உலர்த்தும். குளிர்நாடுகளின் வீடுகள் பனிக்காலத்தில் மிகவும் வறண்டுபோவதற்கும் இந்தக் கணக்கே காரணம். வெளியே 0 பாகையில், நிறைவான ஈரத்தோடு இருக்கும் ஒரு கன மீட்டர் காற்றில் 5 கிராமுக்கும் குறைவான நீரே இருக்கும். அதே காற்றை உள்ளே கொண்டுவந்து 22 பாகைக்குச் சூடாக்கினால் அது 19 கிராம் வரை தாங்கும் என்பதால், ஒப்பு ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. சென்னை, நாகை போன்ற கடலோர ஊர்களின் கதை நேரெதிர். அங்கே ஆண்டின் பெரும்பகுதி ஈரப்பதம் 60-க்குக் கீழ் இறங்குவதே அரிது.

இனி பூச்சியின் பக்கம். பூச்சியின் உடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகளையும் பிறவற்றையும் கணக்கிட்டால், 99 சதவீதத்துக்கும் சற்று அதிகமான ஈரப்பதம் கொண்ட காற்றோடுதான் அது சமநிலையில் இருக்க முடியும். நமக்குப் புழுக்கமாகத் தெரியும் 90 சதவீதக் காற்றும் பூச்சிக்கு உலர்காற்றுதான். அதோடு அளவின் சாபம் ஒன்று உண்டு. உருவம் மாறாமல் நீளம் பாதியானால் மேற்பரப்பு கால் பங்காகும். கன அளவோ எட்டில் ஒரு பங்காகிவிடும். சேமித்து வைக்கும் இடம் குறையும் அளவுக்கு இழக்கும் பரப்பு குறைவதில்லை. 4 சென்டிமீட்டர் கரப்பானோடு ஒப்பிட்டால், 1 மில்லிமீட்டர் புத்தகப் பேனுக்கு ஒவ்வொரு துளி உடல்நீருக்கும் ஏறத்தாழ 40 மடங்கு தோல் இருக்கிறது. அத்தனை தோல் வழியாகவும் நீர் தடையின்றிப் போனால் அது ஒரு பிற்பகலைக்கூடத் தாண்டாது.

தாண்ட வைப்பது மெழுகு. பூச்சியின் ஓடு கைட்டினாலும் புரதத்தாலும் ஆனது. வலிமைக்கு அது போதும். நீரைப் பிடித்து வைக்க மட்டும் அதற்குத் தெரியாது. மெழுகில்லாத ஓடு மண்பானை. மெழுகு பூசிய ஓடு பீங்கான் ஜாடி. அந்தப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. அதில் பெரும்பங்கு நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன்கள். கரப்பானைக் கையில் பிடித்தால் எண்ணெய்ப் பிசுக்காகத் தெரிவதற்கும் இவையே காரணம். அமெரிக்கக் கரப்பானின் தோல் ஹைட்ரோகார்பன்களில் மிகப் பெரும் பங்கு 27 கார்பன் அணுக்களும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட ஒரே சேர்மம். அந்த இரட்டைப் பிணைப்புகள்தான் அதை இறுகவிடாமல் பசையாக வைத்திருக்கின்றன. 2012-இல் பழ ஈக்களில் இந்த ஹைட்ரோகார்பன்களை உண்டாக்கும் ஒரு மரபணுவின் செயலை அடக்கிப் பார்த்தார்கள். மற்ற எல்லா உறுப்புகளும் சரியாக இருந்தும் அந்த ஈக்கள் உலர்காற்றில் வெகுவிரைவில் மடிந்தன.

தோலை அடைத்தாலும் மூச்சு விட்டாக வேண்டும். பூச்சிகளின் பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் சுவாசத்துளைகள் உள்ளே ஈரம் படிந்த மூச்சுக்குழல்களில் திறக்கின்றன. துளை திறந்திருக்கும் நேரமெல்லாம் நீராவி வெளியே போகும். கென்னத் மெலன்பி 1934-இல் இதை எளிமையாக நிறுவினார். கார்பன் டை ஆக்சைடு சற்று மிகுந்த காற்றில் பூச்சியின் சுவாசத்துளைகள் மூட முடியாமல் திறந்தே கிடக்கும். அந்த நிலையில் பூச்சிகளின் நீரிழப்பு பல மடங்கு ஏறியது. ஓடியாடும் பூச்சி அதிக ஆக்சிஜனுக்காகத் துளைகளை அடிக்கடி திறக்கிறது; அசையாமல் கிடக்கும் பூச்சி திறப்பதைக் குறைத்துக்கொள்கிறது. பகலெல்லாம் இடுக்கில் முடங்கிக் கிடக்கும் கரப்பானுக்கு அந்த ஓய்வே ஒரு நீர்ச் சிக்கனம்.

மூன்றாவது கசிவு கழிவு வழியாக. நாம் யூரியாவை நிறைய நீரில் கரைத்து வெளியேற்றுகிறோம். பூச்சிகளில் பலவும் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாக, கிட்டத்தட்ட உலர்ந்த நிலையிலேயே தள்ளிவிடுகின்றன. அதற்கு முன் மலக்குடல் தன்னிடம் வரும் கழிவிலிருந்து நீரைப் பிழிந்து உடலுக்குத் திருப்பி அனுப்புகிறது. இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் உலர்மரக் கரையான் தின்னும் ஒரு பழைய மேசையின் அடியில் பாருங்கள். அங்கே கொட்டிக்கிடக்கும் துகள்கள் ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கங்கள் இருக்கும். மலக்குடலில் உள்ள ஆறு திண்டுகள் நீரைப் பிழிந்தெடுக்கும்போது பதிந்த அச்சு அது. மண்ணிலிருந்து மரத்துக்கு ஏறும் சாதாரணக் கரையானுக்கு இந்தத் திறன் இந்த அளவுக்கு இல்லை. அதனால்தான் அது மண்ணில் ஈரம் தேடுகிறது, போகும் வழியெல்லாம் மண்குழாய் கட்டி உள்ளே ஈரக்காற்றைப் பாதுகாக்கிறது. அந்தக் குழாயை உடைத்தால் அதன் நீர்ப் பாதுகாப்பையே உடைத்தது போலாகும். மரத்தின் உள்ளேயே குடியிருக்கும் உலர்மரக் கரையானிடம் உடைப்பதற்குக் குழாயே கிடையாது.

மாவு டப்பாவுக்குள் வாழும் பூச்சிகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து வீட்டுப் பூச்சிகளில் மிக அழகான உறுப்பு இவற்றிடம்தான் இருக்கிறது. மாவிலும் ரவையிலும் ஈரம் மிகக் குறைவு. குடிக்க ஒரு துளிகூடக் கிடைக்காது. ஆனாலும் செவ்வண்டு என்று நாம் அழைக்கும் மாவு வண்டு அங்கேயே பிறந்து, வளர்ந்து, தலைமுறை தலைமுறையாகப் பெருகுகிறது. இவ்வண்டுக் குடும்பத்தில் சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் மால்பீஜியன் குழல்களின் நுனிகள் உடலுக்குள் மிதந்து திரிவதில்லை. அவை மலக்குடலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, ஒரு சவ்வுக்குள் மூடப்பட்டுக் கிடக்கின்றன. குழல்களுக்குள் பொட்டாசியம் குளோரைடு மிக அடர்த்தியாகச் சேர்க்கப்படுகிறது. அந்த உப்பின் இழுப்பில் மலக்குடலிலிருக்கும் கழிவு தன் நீரை இழந்து பொடியாகிறது. இந்த அமைப்பை அதே குடும்பத்து மாவுப்புழுவில் துல்லியமாக அளந்து 1964-இல் எழுதியவர், கரப்பானின் முதுகில் நீர்த்துளி நின்றதைக் கவனித்த அதே ராம்சே. மாவுப்புழுவின் இழுவை எவ்வளவு வலியது என்றால், சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 88 சதவீதத்தைத் தாண்டினால், அது ஆசனவாய் வழியாகக் காற்றிலிருந்தே நீராவியை உறிஞ்சிக்கொள்ளும்.

எந்த உயிரணுக்கள் அந்த உப்பை உள்ளே தள்ளுகின்றன என்பது நீண்டகாலம் தெளிவாகாமலேயே இருந்தது. சவ்வில் சிறு சன்னல்கள் போல் அமைந்த ஒருவகை உயிரணுக்கள் மீது ஐயம் இருந்தது. 2023-இல் கோபன்ஹேகன், எடின்பரோ பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த குழு, செவ்வண்டில் அந்த உயிரணுக்களில் மட்டும் செறிந்திருக்கும் என்.எச்.ஏ.1 என்ற கடத்துப் புரதத்தை அடையாளம் கண்டது. அந்தப் புரதத்தை முடக்கியதும் வண்டின் கழிவு ஈரமானது. வறட்சியைத் தாங்கும் திறனும் சரிந்தது. உலகத் தானியக் கிடங்குகளில் இத்தனை அழிவைச் செய்யும் ஒரு பூச்சியின் உயிர், ஒரு சில உயிரணுக்களில் இருக்கும் ஒரே புரதத்தின் மீது இப்படிச் சாய்ந்து நிற்கிறது. இதை மட்டும் தாக்கும் ஒரு மருந்தைக் கண்டுபிடிக்க முடிந்தால் அது மனிதரைத் தொடாது, தேனீயையும் தொடாது என்ற நம்பிக்கையில் ஆய்வாளர்கள் உழைக்கிறார்கள்.

மாவுப் பூச்சிகளுக்கு இன்னொரு வருமானமும் உண்டு. உணவு உடலில் எரியும்போது அதன் ஹைட்ரஜன் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராகிறது. 1 கிராம் கொழுப்பு எரிந்தால் 1 கிராமுக்கும் சற்று அதிகமாகவே நீர் கிடைக்கும். 1 கிராம் மாவுச்சத்துக்கு அரைக் கிராமுக்குச் சற்று மேல். காட்ஃபிரைட் பிராங்கல், எம். பிளூவெட் இருவரும் லண்டனில் செய்த ஆய்வை 1944-இல் வெளியிட்டார்கள். காற்று வறண்டபோது மாவு வண்டு, மாவு அந்து இரண்டின் புழுக்களும் அதே எடையை அடைய அதிக உணவைத் தின்றன. வளர்வதற்கும் அவற்றுக்கு நாள் கூடுதலாகப் பிடித்தது. கூட்டுப்புழுக்கள் எடை குறைந்து போயின. தின்றதில் ஒரு பங்கை அவை வளர்ச்சிக்குச் செலவிடாமல் நீருக்காகவே எரித்துவிட்டன. வறண்ட காற்று அவற்றைக் கொல்லவில்லை, வளர்ச்சியை மெதுவாக்கியது. களஞ்சியத்தில் அந்த மெதுவே பெரிய லாபம்தான். ஒரு தலைமுறைக்கு ஆகும் நாட்கள் கூடினால், அடுத்த அறுவடை வரும்வரை பெருகும் எண்ணிக்கை மிகவும் குறைந்துவிடும்.

நெல்லைக் களத்தில் நன்றாகக் காயவைத்து, பல்லில் கடித்துப் பார்த்து, சத்தத்தோடு உடைந்தால்தான் குதிருக்குள் கொட்டும் வழக்கத்தின் உயிரியல் பொருள் இதுதான். 9 சதவீதத்துக்கும் குறைவான ஈரம் உள்ள தானியத்தில் அரிசி வண்டால் பெருக முடியாது. ஆனால் நெல்லை அவ்வளவு தூரம் உலர்த்தினால் அரைக்கும்போது அரிசி நொறுங்கும் என்பதால் 12, 13 சதவீதத்தில் நிறுத்துகிறோம். அந்த இடைவெளியில்தான் வண்டு வாழ்கிறது. அதோடு, கூட்டமாகச் சேர்ந்த வண்டுகள் மூச்சுவிட்டு வெளியேற்றும் நீராவியும் வெப்பமும் தானியக் குவியலின் நடுவே தேங்கி அந்த இடத்தையே ஈரமாக்கிவிடும். பிறகு அங்கே பூஞ்சை பிடிக்கும். காய்ந்த தானியத்தில் நுழைந்த பூச்சிகள் தமக்கு வேண்டிய ஈரத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்வது இப்படித்தான்.

இந்தக் கணக்குக்கெல்லாம் அடங்காதது கப்ரா வண்டு. இந்தியத் துணைக்கண்டத்தைத் தாயகமாகக் கொண்டது என்று கருதப்படும் இந்தப் பூச்சியின் மயிரடர்ந்த புழு, 2 சதவீத ஈரம் மட்டுமே உள்ள உணவிலும் வளரும். நிலைமை மோசமானால் உறக்கநிலைக்குப் போய் இடுக்குகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். உலகின் பல நாடுகள் துறைமுகங்களில் இதைக் கண்டால் சரக்கையே திருப்பி அனுப்புகின்றன. உலர்த்துவது என்ற ஆயுதம் இதனிடம் செல்லாது.

இதுவரை பார்த்தவை நீரை இழக்காமல் காக்கும் பூச்சிகள். இனி வருபவை காற்றிலிருந்து நீரைக் குடிப்பவை. மாவுப்புழு அதைக் கிட்டத்தட்ட மழைக்காற்றில்தான் செய்ய முடியும். பழைய ஐரோப்பிய ரொட்டிக்கடைகளின் அடுப்போரம் வாழ்ந்துவந்த ஒருவகை வெள்ளிமீன் பூச்சி 45 சதவீத ஈரப்பதத்திலேயே அதைச் செய்துவிடுகிறது. ஜான் நோபிள்-நெஸ்பிட் 1970-ஐ ஒட்டி, அந்தப் பூச்சி மலக்குடலின் பின்புறமுள்ள பைகள் வழியாகவே நீராவியை உள்ளிழுக்கிறது என்று காட்டினார். ஆசனவாயை மெழுகால் அடைத்ததும் உறிஞ்சுதல் நின்றுவிட்டது. 45 சதவீதக் காற்றிலிருந்து நீரை இழுப்பது எவ்வளவு கடினம் என்பதை அழுத்தமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 1000 வளிமண்டலங்கள் வரும். நகத்தளவு நீளமுள்ள ஓர் உயிர் அந்த மலையை ஒவ்வொரு நாளும் ஏறுகிறது.

வெள்ளிமீன் பூச்சிகளில் எல்லா இனமும் ஒன்றல்ல. நம் ஊரில் ராமபாணம் என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்தக் கூட்டத்தில், சாதாரண வெள்ளிமீனுக்கு 75 சதவீதத்துக்கு மேல் ஈரம் வேண்டும். ஐரோப்பிய வீடுகளில் அது குளியலறையைத் தாண்டி அதிகம் வராது. நீண்ட வால் கொண்ட சாம்பல் நிற இனமோ 60 சதவீதக் காற்றிலிருந்தே நீரை எடுத்துக்கொள்ளும், வறட்சியையும் நன்றாகத் தாங்கும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நார்வே போன்ற நாடுகளில், நன்றாகச் சூடாக்கப்பட்ட உலர்ந்த புதுக் கட்டடங்களில் பரவிக்கொண்டிருப்பது இந்த இனம். குளியலறை, படுக்கையறை, வரவேற்பறை என்று வீடு முழுவதும் திரிகிறது. வீட்டை உலர்த்தியபோது ஒரு பூச்சி பின்வாங்கியது, அந்த இடத்தை இன்னொன்று எடுத்துக்கொண்டது.

புத்தகப் பேன் வாயால் குடிக்கிறது. அதன் நாக்கின் கீழே இரண்டு சிறு தகடுகள் உண்டு. அவற்றை வெளியே நீட்டி, உமிழ்நீர் போன்ற ஒரு திரவத்தால் நனைத்து வைத்துக்கொண்டால், காற்றிலுள்ள நீராவி அந்தத் திரவத்தில் சேரும். சேர்ந்த நீரை மெல்லிய குழல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும். இந்தக் கருவி ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேல்தான் வேலை செய்யும். அதற்குக் கீழே வரவு நின்றுவிடும், செலவு தொடரும். உடலோ மிகச் சிறியது. ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே சில வாரங்கள் வைத்திருந்தால் புத்தகப் பேன்கள் மருந்தே இல்லாமல் தீர்ந்துபோகும். வறண்ட காற்றின் வெற்றிக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வீட்டுப் பூச்சிகளிடையே இல்லை.

தூசியில் வாழும் சிற்றுண்ணி பூச்சியினம் அல்ல. எட்டுக் கால் கொண்ட சிலந்தியின் உறவு. ஆஸ்துமா நோயாளிகளுக்கு முக்கியம் என்பதால் அதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதன் முன்னங்கால் அருகே சுரக்கும் உப்புத் திரவம் காற்றின் ஈரத்தை வாங்கி வாய்க்குக் கொண்டுபோகிறது. எல்லைக்கோடு சுமார் 70 சதவீதம். ஈரப்பதத்தை 51 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்த வீடுகளில் சிற்றுண்ணிகளின் எண்ணிக்கை வெகுவாக இறங்கியதை அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் லாரி ஆர்லியன் குழுவினர் 2001-இல் காட்டினார்கள். ஆனால் நாளில் ஒன்றிரண்டு மணி நேரம் ஈரக்காற்று கிடைத்தாலே அது தாக்குப்பிடித்துவிடும். உறங்குபவரின் வியர்வை மெத்தைக்குள் அந்த நேரத்தைத் தாராளமாகவே தருகிறது. குளிர்சாதனத்தைப் பகலில் ஓட்டிவிட்டு இரவில் நிறுத்தினால் பயன் குறைவு என்பதை ஒவ்வாமை உள்ளவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இந்த எண்கள் நம் நூலகங்களுக்கு ஒரு கடினமான முடிச்சைப் போடுகின்றன. ஓலைச்சுவடியில் ஈரம் மிகுந்தால் பூஞ்சை பிடிக்கும், பூஞ்சையைத் தின்னப் புத்தகப் பேன் வரும், ராமபாணமும் வரும். ஈரம் மிகக் குறைந்தால் ஓலை வளையும் தன்மையை இழந்து, பிரிக்கும்போது ஒடியும். எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசுவது ஓலையை மறுபடி வளைய வைப்பதற்கும் பூச்சியை விரட்டுவதற்கும் சேர்த்துத்தான். காப்பாளர்கள் ஈரப்பதத்தை 50-ஐ ஒட்டி நிறுத்தப் பார்ப்பது, ஓலைக்குப் போதுமான ஈரமும் பேனுக்குப் போதாத ஈரமும் சந்திக்கும் ஒரு குறுகிய பட்டையில் நிற்கும் முயற்சி. கடலோர ஊரில் மின்சாரம் ஒரு நாள் போனால் அந்தப் பட்டை கைநழுவிவிடும். நூல்களைக் காப்பவர்கள் செய்யும் இந்த ஓசையற்ற வேலைக்கு நாம் தரும் பணமும் மதிப்பும் போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

மூட்டைப்பூச்சிக்குக் காற்றைக் குடிக்கத் தெரியாது. நீராவியை உறிஞ்சும் உறுப்பு எதுவும் அதனிடம் இல்லை. அதன் நீர் முழுவதும் நம் இரத்தத்திலிருந்து வருவது. ஒரே வேளையில் தன் எடையைவிட அதிக இரத்தத்தைக் குடித்துவிட்டு, முதலில் மிஞ்சிய நீரை வெளியேற்றும் வேலையைத்தான் செய்கிறது. பிறகு சிக்கனம் தொடங்கும். ஜோஷுவா பெனுவா ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2007-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பூச்சியின் தோல் நீரை மிக மெதுவாகவே விடுகிறது என்றும், உடல்நீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனாலும் அது பிழைக்கிறது என்றும் காட்டியது. பல பூச்சிகள் நெருங்கி ஒட்டிக்கிடந்தால் ஒவ்வொன்றின் இழப்பும் ஏறத்தாழப் பாதியாகிறது. கட்டில் இடுக்கில் அவை அப்பிக்கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அறையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பினாலும் அவை காத்திருக்கும். குளிர்சாதன அறையின் வறட்சி அவற்றுக்குப் பொருட்டே அல்ல.

காற்றால் முடியாத இடத்தில் தூசியால் முடியும். வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் 1940-களில் இரத்தம் குடிக்கும் ரோட்னியஸ் என்ற மூட்டை இனத்தை, அலுமினா தூள் தூவிய தாளின் மேல் நடக்கவிட்டார். நடந்தவை நீரிழந்து செத்தன. அசையாமல் இருந்தவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. நடக்கும்போது வயிறு தரையில் உரசி, தூளின் கூர்மை மெழுகைக் கீறிவிட்டது. ஈரக்காற்றில் வைத்தபோது பூச்சிகள் கீறலின் மேல் புதிய மெழுகைச் சுரந்து தேறின. அடுத்த இருபது ஆண்டுகளில் கலிஃபோர்னியாவின் வால்டர் எபெலிங், கீறுவதைவிட உறிஞ்சுவது வலியது என்று கண்டார். மிக நுண்ணிய துளைகள் கொண்ட சிலிக்கா தூள், கூர்மை எதுவும் இல்லாமலே மெழுகைத் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. மூட்டைப்பூச்சி எத்தனை மருந்துகளுக்குப் பழகினாலும், மெழுகை இழந்தபின் உயிரோடிருக்கப் பழகுவது மிகக் கடினம். பெனுவாவின் குழு பிறகு அந்தத் தூளோடு மூட்டைப்பூச்சியின் சொந்த எச்சரிக்கை மணத்தையும் சேர்த்துப் பார்த்தது. பதறி ஓடிய பூச்சிகள் அதிகத் தூளைப் பூசிக்கொண்டு இன்னும் விரைவாக மடிந்தன.

மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனத்தில் எஸ். கே. மஜும்தார், அதன் முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன் ஆகியோர், கிளர்வூட்டிய களிமண்ணும் கரியும் தானியப் பூச்சிகளைக் கொல்வதை 1959-இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இன்றும் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் 100 கிலோ பயறு விதைக்கு 1 கிலோ கிளர்வூட்டிய களிமண் கலக்கச் சொல்கிறது. துவரைக்குச் செம்மண் கட்டுவதும், விதைப் பயற்றில் சாம்பல் கலப்பதும் இந்த அறிவுக்கு மிக முந்தையவை. மண் விதைகளின் இடைவெளியை அடைக்கும், வண்டு முட்டை ஒட்ட விடாது, அதோடு அதன் மெழுகையும் உரசும். வீட்டில் சிலிக்கா தூளைப் பயன்படுத்துவோர் மூக்கையும் வாயையும் தூசித் தடுப்பு முகமூடியால் மூடிக்கொள்ள வேண்டும். இடுக்குக்குள் மெல்லிய படலமாகப் போட்டால் போதும். அறை முழுவதும் புகையாகப் பறக்கவிடுவது பூச்சியைவிட நம் நுரையீரலுக்குத்தான் கேடு.

கடைசியாகக் கரப்பானிடம் திரும்புவோம். அது காற்றைக் குடிப்பதில்லை. நீரைத் தேடிப் போகிறது. டி. எல். கன் 1930-களில் செய்த சோதனைகளில், கீழைக் கரப்பான் சாதாரணமாக உலர்ந்த பக்கத்தையே விரும்பியது. சில நாள் நீரிழந்தபின் அதே பூச்சி ஈரப் பக்கத்துக்கு மாறிக்கொண்டது. அதன் உணர்கொம்புகளில் ஈரத்தை அறியும் நரம்பணுக்களும் வறட்சியை அறியும் நரம்பணுக்களும் தனித்தனியே இருக்கின்றன. அதனால்தான் குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டும், பாத்திரம் கழுவும் தொட்டியின் கீழ்க்குழாயும், கசியும் சுவரும் அதற்கு எளிதில் தெரிந்துவிடுகின்றன. ஜெர்மன் கரப்பானின் குஞ்சுகள் நெருங்கிக் கூட்டமாக இருந்தால் தம்மைச் சுற்றியுள்ள காற்றைச் சற்று ஈரமாக்கிக்கொண்டு நீண்டநாள் பிழைக்கின்றன. இந்த இனத்தின் தாய் முட்டைக்கூட்டைப் பொரியும் வரை வயிற்றின் நுனியிலேயே சுமக்கிறது. கூட்டின் ஒரு முனை வழியாகத் தாயின் உடல்நீர் கருக்களுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. முன்கூட்டியே பிரித்தெடுத்தால் கருக்கள் காய்ந்துவிடும். அமெரிக்கக் கரப்பானின் முட்டைக்கூடு தனக்கு வேண்டிய நீரை உள்ளேயே வைத்துக்கொண்டு பிறப்பதால், தாய் அதை அலமாரி மூலையில் ஒட்டிவிட்டுப் போய்விட முடிகிறது.

1957-இல் வில்லிஸ், லூயிஸ் இருவரும் கரப்பான்களைப் பட்டினி போட்டு வாழ்நாளை எண்ணினார்கள். அமெரிக்கக் கரப்பானின் பெண், உணவும் நீரும் இல்லாமல் சராசரியாக ஏறத்தாழ 42 நாள் வாழ்ந்தது. நீர் மட்டும் கிடைத்தபோது 90 நாள். உலர்ந்த உணவு மட்டும் கொடுத்து நீரை மறுத்தபோது சுமார் 40 நாள். உணவும் நீரும் இல்லாததைவிட ஒரு நாள்கூட அதிகமில்லை. ஜெர்மன் கரப்பானின் பெண் நீர் மட்டும் இருந்தால் ஆறு வாரம், நீரில்லாவிட்டால் உணவு இருந்தும் இரண்டு வாரத்துக்குள். சமையலறையில் சிந்திய சோற்றுப் பருக்கையைப் பொறுக்குவதில் நாம் காட்டும் அக்கறையை, இரவு படுக்கும் முன் தொட்டியைத் துடைத்து உலர விடுவதிலும், சொட்டும் குழாயின் வாஷரை மாற்றுவதிலும், தரைத் துணியை முறுக்கிப் பிழிந்து வெளியே காயப்போடுவதிலும் காட்டினால், பூச்சி மருந்துக்கு ஆகும் செலவில் பெரும்பங்கு மிஞ்சும். அப்படி உலர்ந்த சமையலறையில், இடுக்குகளில் போட்ட சிலிக்கா தூளும் முழு வேகத்தில் வேலை செய்யும். மெழுகை இழந்த கரப்பான் இழந்த நீரை ஈடுகட்ட அங்கே ஒரு துளிகூட இருக்காது.